வீட்டு விளக்கின் விலை

பிரிட்டனில் ஒரு குடும்பம் புது வீட்டில் குடியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாமான்களை இறக்கி அடுக்கி முடிப்பதற்கு முன்பே வீட்டுக்காரர் ஒரு கணக்கில் இறங்கிவிடுவார். இந்த வட்டாரத்தில் மின்சாரமும் எரிவாயுவும் யாரிடம் வாங்கினால் மலிவு என்பதே அக்கணக்கு. நமக்கு இது சற்று விந்தையாகத் தோன்றும். தமிழ்நாட்டில் நம் வீட்டுக்கு மின்சாரம் விற்பவர் ஒருவரே. மீட்டர் காட்டும் அளவுக்கு வகுத்த கட்டணத்தைச் செலுத்துகிறோம். வேறொருவரிடம் வாங்கலாமா என்ற எண்ணமே எழுவதில்லை. அங்கேயோ, ஒரே தெருவில் ஒரே கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் அண்டை வீட்டார் இருவர் இருவேறு கம்பெனிகளுக்குப் பணம் கட்டக்கூடும். கட்டும் விலையும் வேறுபடக்கூடும். கம்பியில் ஓடி வரும் மின்சாரம் மட்டும் ஒன்றே.

இவ்விந்தை எவ்வாறு ஏற்பட்டது? விலைப்பட்டியல் என்றாலே மாணவர்களுக்கு அலுப்புத் தட்டும் என்பதை நான் அறிவேன். அரசர்களையும் போர்களையும் பற்றிச் சொல்லும்போது விழித்திருந்த வகுப்பு, வரியும் கட்டணமும் வந்தவுடன் கண் செருகுவதைப் பல்லாண்டு பார்த்திருக்கிறேன். ஆயினும், ஒரு சமுதாயத்தில் எந்தச் சுமையை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதை விலைப்பட்டியலைப் போல் ஒளிவுமறைவின்றிச் சொல்லும் ஆவணம் வேறில்லை. மலிவு தேடும் அந்த வீட்டுக்காரர் விற்பவர்களின் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார். விற்பவரை மாற்றினாலும் அவரைவிட்டு நீங்காத இரண்டு அவருடைய பில்லில் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அவர் வாழும் வட்டாரம். மற்றொன்று, கட்டணத்தை நிலையான ஒரு பகுதியாகவும் அளவுக்கேற்ற ஒரு பகுதியாகவும் கூறுபோடும் முறை. இரண்டுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. வட அயர்லாந்தின் ஏற்பாடு தனிப்பட்டது; அதனை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கதை மின்சாரத்தில் தொடங்கவில்லை, எரிவாயுவில் தொடங்குகிறது. காற்றுப் புகாத கலத்தில் நிலக்கரியைச் சுட்டால் எரியும் வாயு ஒன்று வெளிப்படும். அதைக் குழாய் வழியே செலுத்தி, வின்சர் என்னும் ஜெர்மானியர் 1807ஆம் ஆண்டில் இலண்டனின் பால் மால் தெருவில் விளக்கேற்றிக் காட்டினார். 1812ஆம் ஆண்டில் எரிவாயு விற்பதற்கென்றே ஒரு கம்பெனி அரசு சாசனம் பெற்றது. அடுத்த ஆண்டின் கடைசி இரவில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் வாயு விளக்குகள் எரிந்தன. இலாபம் கண்ட இடத்தில் போட்டிக்கு ஆள் வாராதிருப்பாரா? சில பத்தாண்டுகளுக்குள் இலண்டனில் பல கம்பெனிகள் தோன்றிவிட்டன. ஒரே தெருவின் அடியில் மூன்று நான்கு கம்பெனிகளின் குழாய்கள் அருகருகே கிடந்தன. ஒன்று மூடிய பள்ளத்தை மற்றொன்று தோண்டிற்று. ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் வீட்டை அதன் வேலையாட்கள் தவறுதலாகப் போட்டிக் கம்பெனியின் குழாயில் இணைத்துவிடுவதும் நேர்ந்தது. வாயு ஒருவருடையது, பணம் மற்றொருவருக்கு!

வாங்குவோருக்கு இதனால் நன்மை இல்லாமற் போகவில்லை. அக்காலத்தில் வாயுவை ஆயிரம் கன அடிக்கு இத்தனை ஷில்லிங் என்று விற்றார்கள். (1971ஆம் ஆண்டு வரை ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்.) இலண்டன் நகரின் மையமாகிய சிட்டி பகுதியில் வாயுவின் விலை மிகுதி என்ற முறையீடு எழுந்தது. சார்லஸ் பியர்சன் என்னும் வழக்கறிஞர் முன்னின்று, வாங்குவோரே சேர்ந்து நடத்தும் கம்பெனி ஒன்றை 1849ஆம் ஆண்டில் தொடங்கச் செய்தார். ஆயிரம் கன அடி 4 ஷில்லிங்குக்குத் தருவோம் என்பது அதன் வாக்குறுதி. பழைய கம்பெனிகளும் விலையை இறக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் இலண்டனின் நிலத்தடி இரயில்வேக்குப் பாடுபட்டவரும் இதே பியர்சன்தான்.

ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. ஒரே தெருவில் மூன்று குழாய் இட்டால் மூன்று குழாயின் செலவையும் எவரேனும் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? ஜான் ஸ்டூவர்ட் மில் 1848ஆம் ஆண்டில் வெளியிட்ட பொருளாதார நூலில், இலண்டனின் வாயுக் கம்பெனிகளையும் குடிநீர்க் கம்பெனிகளையும் வீண்செலவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். எட்வின் சாட்விக் 1859ஆம் ஆண்டில் ஓர் அருமையான வேறுபாட்டைச் சுட்டினார். களத்தினுள்ளே நடக்கும் போட்டி வேறு, களத்தைப் பெறுவதற்காக நடக்கும் போட்டி வேறு என்றார் அவர். குழாயும் கம்பியும் வேண்டிய தொழிலில் முன்னது வீண், பின்னதே தக்கது என்பது அவர் கருத்து. பொருளாதாரம் பயிலும் கல்லூரி மாணவர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம்.

கம்பெனிகளோ எந்த அறிஞருக்காகவும் காத்திருக்கவில்லை. தமக்குள்ளே பேசி ஊரைப் பங்கிட்டுக்கொண்டன. 1860ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தலைநகர் வாயுச் சட்டத்தை இயற்றி அந்தப் பங்கீட்டுக்குச் சட்ட வலிமை தந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வட்டாரம். அதில் வேறொருவர் நுழையலாகாது. அதற்கு ஈடாக விலைக்கும் வாயுவின் தரத்திற்கும் வரம்பு கட்டினார்கள். இனி எந்தத் தெருவில் வாழ்கிறீர்கள் என்பதே நீங்கள் கொடுக்கும் விலையைத் தீர்மானித்தது. நம் தலைப்பில் 'வட்டாரம்' என்னும் சொல் நுழைந்த இடம் இதுவே.

ஏகபோகம் பெற்றவன் விலையைக் குறைக்க ஏன் முயல்வான்? இவ்வினாவுக்கு 1875, 1876ஆம் ஆண்டுச் சட்டங்களில் ஒரு விடை கண்டார்கள். கம்பெனிக்கு ஓர் அடிப்படை விலையும், பங்குதாரருக்கு 10 விழுக்காடு இலாபப் பங்கும் குறிக்கப்பட்டன. விலையை ஒரு பென்னி குறைத்தால் இலாபப் பங்கைக் கால் விழுக்காடு கூட்டிக்கொள்ளலாம். ஒரு பென்னி ஏற்றினால் கால் விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டும். முதலாளியின் பேராசையையே வாங்குவோனுக்குக் காவலாக நிறுத்திய இந்த ஏற்பாட்டைப் பார்க்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. பின்னால் வந்த எத்தனையோ கட்டுப்பாட்டு முறைகளைவிட இது எளியது; எவருக்கும் விளங்குவது.

இவ்வளவும் மாதக்கணக்கில் கடன் வைத்துப் பணம் கட்டக்கூடிய வீடுகளைப் பற்றியது. கூலியை வாரந்தோறும் பெற்று வாரத்திற்குள்ளேயே செலவழிக்கும் தொழிலாளி வீட்டில் 1880கள் வரை வாயு எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் நாணயம் போடும் மீட்டர் வந்தது. ஒரு பென்னியை அதன் வாயில் இட்டால் அதற்குரிய அளவு வாயு வரும். அளவு தீர்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். விளக்குக் கொளுவிகளையும் அடுப்பையும் கம்பெனியே பொருத்திக் கொடுத்தது. 1890களில் தென் இலண்டனில் இம்முறை காட்டுத்தீப்போல் பரவிற்று. ஏழைப் பெண்கள் நிலக்கரிப் புகையினின்றும் ஓரளவு விடுபட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. பொருத்திக் கொடுத்த சாமான்களின் செலவு பென்னியில் சேர்க்கப்பட்டதால், ஏழை ஒரு பென்னிக்குப் பெற்ற வாயு செல்வர் பெற்றதைவிடக் குறைவு. சிறுகச் சிறுக வாங்குவோர் மிகுதியாகக் கொடுக்க நேரும் இவ்வழக்கம் நம் ஊர் மளிகைக் கடையிலும் உண்டன்றோ?

இனி மின்சாரத்திற்கு வருவோம். 1881ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோடால்மிங் என்னும் சிற்றூரில் தெருவுக்கும் வீட்டுக்கும் பொது மின்சாரம் வழங்கப்பட்டது. 1882ஆம் ஆண்டில் எடிசனின் நிலையம் இலண்டன் ஹோல்பர்னில் இயங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில் வந்த மின்விளக்குச் சட்டம், 21 ஆண்டுகள் கழிந்தபின் நகராட்சிகள் கம்பெனிகளை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றது. முதலாளிகள் அஞ்சிப் பின்வாங்கவே, 1888ஆம் ஆண்டில் அது 42 ஆண்டுகளாக நீட்டப்பட்டது.

அக்காலத்தில்தான் நம் வீட்டுக்காரரின் பில்லில் இன்றும் காணும் அந்த இரட்டைக் கூறு பிறந்தது. அதற்குக் காரணமானவர் ஜான் ஹாப்கின்சன் என்னும் மான்செஸ்டர் பொறியியலறிஞர். 1892ஆம் ஆண்டு நவம்பரில் இளம் பொறியாளர் சங்கம் ஒன்றின் தலைவராக அவர் ஆற்றிய உரையின் பொருள், மின்சாரம் வழங்குவதற்கு ஆகும் செலவு. அவர் எழுப்பிய கேள்வி எளியது. மின்நிலையத்திற்குச் செலவு எதனால் ஏற்படுகிறது?

நமக்குத் தெரிந்த ஓர் உவமை கொண்டு விளக்குகிறேன். பொங்கலுக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து ஊர் திரும்பும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு நாள் தேவைப்படும் அத்தனை பேருந்துகளையும் ஒரு போக்குவரத்துக் கழகம் சொந்தமாக வாங்கி வைத்திருந்தால், ஆண்டின் மற்ற நாட்களில் பாதி வண்டிகள் சும்மா நிற்கும். வண்டி ஓடாவிட்டாலும் அதை வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் செலவு மட்டுமே ஓட்டத்தைப் பொறுத்தது. மின்நிலையமும் அவ்வாறே. மாலை ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கேற்றுகிறார்கள். அந்த ஒரு வேளைக்காகக் கொதிகலனும் இயந்திரமும் கம்பியும் பெரிதாக வேண்டியிருக்கிறது. எரிக்கும் நிலக்கரியின் செலவு அதனோடு ஒப்பிடச் சிறிது. ஆகவே வாடிக்கையாளர் இரண்டு வகையாகப் பணம் தருவதே முறை என்றார் ஹாப்கின்சன்: அவருக்காக ஆயத்தமாக நிற்பதற்கு ஒரு தொகை, அவர் உண்மையில் செலவழித்த யூனிட்டுகளுக்கு ஒரு தொகை. மலையேற்றத்தில் பேரார்வம் கொண்ட இவ்வறிஞர் 1898ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில் தம் மக்கள் மூவரோடு விழுந்து இறந்தார். அப்போது வயது 49.

பிரைட்டன் நகர மின்நிலையத்தின் பொறியாளர் ஆர்தர் ரைட் இக்கருத்தைச் செயலாக்கினார். ஒரு வீடு எந்நேரத்திலாயினும் இழுத்த மிகப் பெரிய அளவைக் குறித்துவைக்கும் கருவி ஒன்றை அவர் அமைத்தார். அந்த அளவை ஒட்டி முதற்பகுதி யூனிட்டுகளுக்கு மிகுந்த விலை. அதற்குமேல் செலவழித்தவற்றுக்குக் குறைந்த விலை. சில நகரங்களில் வீட்டின் வரிமதிப்பைக் கொண்டு நிலைக்கட்டணத்தை வகுத்தார்கள். வேறு சில இடங்களில் விளக்குக்கு ஒரு மீட்டர், அடுப்புக்கும் கணப்புக்கும் வேறொரு மீட்டர், விலையும் வேறுவேறு.

விளைவு என்ன? முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் இலண்டன் மாநகரத்தில் ஏறத்தாழ 65 மின்வழங்கு நிறுவனங்களும் 70 மின்நிலையங்களும் இருந்தன. மின்னோட்டத்தின் அதிர்வெண் 10 வகை. வீடுகளுக்கு வந்த மின்னழுத்தம் 24 வகை. கட்டணம் விதிக்கும் முறைகளோ 70 அளவில்! ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குக் குடிமாறினால் விளக்கின் குமிழைக்கூட மாற்ற வேண்டிய நிலை. வட்டாரத்தில் மலிவு எது என்று அன்று ஒருவர் தேடியிருந்தால், விடையாக அவருக்குக் கிடைத்திருப்பது மலிவான கம்பெனியன்று, குடிபோக வேண்டிய தெருவின் பெயர்.

1926ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய மின்சார வாரியத்தை ஏற்படுத்திற்று. 132 கிலோவோல்ட் மின்வலை நாடெங்கும் கட்டப்பட்டு 1933ஆம் ஆண்டில் நிறைவெய்திற்று. மின்சாரத்தின் உற்பத்தி ஒன்றாயிற்று. அதை வீடுகளுக்குப் பங்கிடும் வேலை மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகராட்சிகளிடமும் கம்பெனிகளிடமும் சிதறிக் கிடந்தது. போருக்குப் பின் வந்த அட்லியின் தொழிற்கட்சி அரசு 1947ஆம் ஆண்டில் மின்சாரச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1948 ஏப்ரல் முதல் நாள் எல்லாம் நாட்டுடைமையாயின. இங்கிலாந்தும் வேல்சும் 12 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம் அமைந்தது. தென் ஸ்காட்லாந்தின் இரு வட்டாரங்கள் 1955ஆம் ஆண்டில் ஒன்றாக்கப்பட்டன. வட ஸ்காட்லாந்துக்கு, அமைச்சர் டாம் ஜான்ஸ்டன் முயற்சியால் 1943ஆம் ஆண்டிலேயே ஒரு நீர்மின் வாரியம் ஏற்பட்டிருந்தது. ஆக மொத்தம் 14. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் மின்வழங்கற் சட்டமே மாநில மின்வாரியங்களுக்கு வித்திட்டது; சென்னை மாநில வாரியம் 1957ஆம் ஆண்டில் உருவாயிற்று.

அந்த 14 வட்டாரங்களின் எல்லைகளை ஒருமுறை நிலப்படத்தில் பாருங்கள். லிவர்ப்பூல் துறைமுகமும் வட வேல்சின் மலைச்சிற்றூர்களும் ஒரே வட்டாரத்தில் சேர்க்கப்பட்டன. இலண்டன், நெருங்கிய வீடுகளைக் கொண்ட சிறு வட்டாரமாயிற்று. கம்பியின் செலவு என்பது தூரத்தின் செலவு. ஒரு மைல் கம்பியில் ஆயிரம் வீடுகள் தொங்கினால் ஒரு வீட்டின் பங்கு சிறிது. மலைச்சரிவில் பத்து வீடுகளுக்காக அதே மைல் கம்பி இழுத்தால் பங்கு பெரிது. வாரியங்கள் தத்தம் வட்டாரத்தினுள் நூற்றுக்கணக்கான பழைய கட்டணங்களை நீக்கி ஒரே கட்டணம் கொண்டுவந்தன. வட்டாரத்திற்குள் சமம் ஏற்பட்டது. வட்டாரங்களிடையே வேற்றுமை நீடித்தது.

நாட்டுடைமைக் காலத்து நிகழ்ச்சிகளில் இரண்டை மட்டும் சொல்லி அப்பால் செல்வேன். 1947ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் நிலக்கரி தட்டுப்பட்டு, வீடுகளுக்குப் பகலில் ஐந்து மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அந்த அச்சத்தில், 1948ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் யூனிட் விலையை உயர்த்திக் கோடையில் இறக்கிப் பார்த்தார்கள். குளிரில் நடுங்குபவனிடம் குளிருக்காகவே கூடுதல் விலை கேட்பதா என்று கூக்குரல் எழுந்தது, ஓராண்டோடு கைவிட்டார்கள். இது தண்டனை வழி. சலுகை வழி நன்கு பலித்தது. இரவில் உறங்கும் நாட்டுக்கு மின்சாரம் அதிகம் வேண்டா, நிலையங்களோ நின்றுவிடுவதில்லை. ஆகவே இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலை என்ற 'எகானமி செவன்' கட்டணம் 1978ஆம் ஆண்டில் வந்தது. இரவில் செங்கல்லைச் சூடாக்கிப் பகலில் அச்சூட்டை விடும் கணப்புகள் பல வீடுகளில் இருந்தன. வானொலியில் பேசும் நான் இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. பல வீடுகளில் மலிவு நேரம் தொடங்கியதை மீட்டருக்கு அறிவித்தது பி.பி.சி.யின் நெடுஅலை ஒலிபரப்பே. செய்தியையும் நாடகத்தையும் சுமந்த அதே 198 கிலோஹெர்ட்ஸ் அலையில், காதுக்குக் கேளாத குறிப்பு ஒன்று மறைந்து சென்று மீட்டரின் முள்ளை மாற்றிற்று. 2025 ஜூன் இறுதியிலிருந்து இவ்வேற்பாட்டைப் படிப்படியாக முடிக்கத் தொடங்கினார்கள்.

1980களில் காற்று திசை மாறிற்று. எரிவாயுத் தொழில் 1986ஆம் ஆண்டிலும், வட்டார மின்வாரியங்கள் 1990ஆம் ஆண்டிலும் தனியாருக்கு விற்கப்பட்டன. இம்முறை 1840களின் பிழையை அவர்கள் மீண்டும் செய்யவில்லை. கம்பியும் குழாயும் வட்டாரத்திற்கு ஒன்றே. அவற்றுக்கு ஏகபோகமும் அரசுக் கட்டுப்பாடும் உண்டு. அதன் வழியே செல்லும் பொருளை விற்பதில் மட்டும் போட்டி. வீடுகளுக்கான வாயுவில் இந்தத் தேர்வுரிமை 1996ஆம் ஆண்டில் தென்மேற்கு இங்கிலாந்தில் தொடங்கி 1998க்குள் நாடெங்கும் பரவிற்று. மின்சாரத்தில் 1998 செப்டம்பர் முதல் 1999 மே வரை வட்டாரம் வட்டாரமாகக் கதவு திறந்தது. 2002ஆம் ஆண்டில் வீட்டு விலையின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடும் நீங்கிற்று. மலிவு விலையைத் தேடிக் கண்டுபிடிப்பது அன்று முதல் குடிமகனின் பொறுப்பாயிற்று.

தேடியவர்கள் பயன் பெற்றார்கள். தேடாதவர்கள்? பழைய வாரியங்களின் வழிவந்த கம்பெனிகள் தம் சொந்த வட்டாரத்தின் பழைய வாடிக்கையாளரிடம் மிகுந்த விலை பெற்றுக்கொண்டு, அயல் வட்டாரத்தில் ஆள் சேர்க்கக் குறைந்த விலை கூறின. ஒழுங்குமுறை அலுவலகமாகிய ஆஃப்ஜெம் 2008ஆம் ஆண்டு ஆய்வில் இதனைக் கண்டு, அடுத்த ஆண்டே தடை செய்தது. பரம்பரையாக ஒரே கடையில் வாங்கும் நம்பிக்கையே அவர்களுக்குத் தண்டமாகி இருந்தது. எனினும் தடையால் ஒரு கேடும் விளைந்தது என்று முன்னாள் கட்டுப்பாட்டு அதிகாரி ஸ்டீபன் லிட்டில்சைல்டு போன்ற பொருளறிஞர் வாதித்தனர். அயலூரில் விலை குறைத்தால் சொந்த ஊரிலும் குறைக்க வேண்டும் என்றான பிறகு, எந்தக் கம்பெனியும் அயலூரில் வலிந்து போட்டியிட முன்வரவில்லை. 2012ஆம் ஆண்டில் தடை காலாவதியாயிற்று. இரு பக்கத்தாருடைய வாதத்திலும் உண்மை உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

போட்டிச் சந்தை ஆணையம் 2016ஆம் ஆண்டில் தன் விசாரணையை முடித்தது. ஆறு பெரிய கம்பெனிகளின் வீட்டு வாடிக்கையாளருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர், எதையும் தேர்ந்தெடுக்காதவர்க்குத் தானாக வந்து சேரும் கட்டணத்திலேயே இருந்தார்கள். அது பெரும்பாலும் உயர்ந்த கட்டணம். 2012 முதல் 2015 வரை வாடிக்கையாளர் ஆண்டுக்குச் சராசரி 140 கோடி பவுன் மிகையாகக் கொடுத்தார்கள் என்று ஆணையம் கணித்தது. கம்பெனியை ஒருமுறையேனும் மாற்றாதவருள் குறைந்த வருவாயினர், படிப்புக் குறைந்தவர், வாடகை வீட்டார், முதியவர் ஆகியோரே மிகுதி. கணக்குத் தெரிந்தவன் பெற்ற சலுகைக்குக் கணக்குத் தெரியாதவன் பணம் கட்டினான் என்றால் மிகையாகாது. ஆசிரியனாகிய எனக்கு இவ்விடம் நெஞ்சைத் தைக்கிறது.

2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2019 ஜனவரி முதல் அந்தத் தானியங்கிக் கட்டணத்திற்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. சராசரி வீட்டுக்கு இது ஆண்டுக்கு 1,137 பவுன் என்று செய்தித்தாள்கள் எழுதின. பலர் இதனைத் தம் பில்லுக்கே விதித்த வரம்பு என எண்ணினார்கள். வரம்பு யூனிட் விலைக்கும் நாள்தோறும் உள்ள நிலைக்கட்டணத்திற்கும் உரியது; மிகுதியாகச் செலவழித்தால் மிகுதியாகவே கட்ட வேண்டும். 2021ஆம் ஆண்டில் வாயுவின் மொத்த விலை ஏறியபோது, மலிவு விலை கூறி ஆள் சேர்த்திருந்த சிறு கம்பெனிகள் ஏறத்தாழ முப்பது சரிந்து விழுந்தன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. அந்த அக்டோபரில் உச்சவரம்பு 3,549 பவுன் என்றானபோது, அரசே குறுக்கிட்டுச் சராசரி வீட்டின் செலவை 2,500 பவுனில் நிறுத்தி எஞ்சியதைக் கருவூலத்திலிருந்து கொடுத்தது. சரிந்த கம்பெனிகளின் வாடிக்கையாளரை வேறிடம் சேர்த்த செலவு எங்கே போயிற்று? எல்லா வீடுகளின் நிலைக்கட்டணத்திலும் ஏறிற்று. மலிவுக் கம்பெனியைத் தேடிப் போகாதவரும் அதற்குப் பங்கு கொடுத்தார்கள்.

இங்கே நாம் ஹாப்கின்சனிடம் திரும்பிவிட்டோம். நிலைக்கட்டணம் உயர்ந்தால் யாருக்கு வலிக்கும்? ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் எடுத்துக்காட்டுக்காகவே. முதற்கம்பெனி நாளுக்கு 60 பென்ஸ் நிலைக்கட்டணமும் யூனிட்டுக்கு 24 பென்சும் கேட்கிறது. இரண்டாவது 40 பென்சும் யூனிட்டுக்கு 28 பென்சும் கேட்கிறது. (இன்றைய பவுனுக்கு 100 பென்ஸ்.) ஒற்றை அறையில் தனித்து வாழும் மூதாட்டி நாளுக்கு 3 யூனிட் செலவழித்தால் முதலாவதில் 132 பென்ஸ், இரண்டாவதில் 124. குழந்தைகளோடு வாழும் குடும்பம் 9 யூனிட் செலவழித்தால் முதலாவதில் 276, இரண்டாவதில் 292. மூதாட்டிக்கு மலிவானது குடும்பத்திற்கு மலிவன்று. இரண்டும் சமமாகும் இடம் எது? நிலைக்கட்டணத்தின் வேறுபாடாகிய 20ஐ யூனிட் விலையின் வேறுபாடாகிய 4ஆல் வகுத்தால் 5 யூனிட். ஐந்துக்குக் கீழே இரண்டாவது, மேலே முதலாவது. ஆகவே தேடுகிறவர் முதலில் அறிய வேண்டியது தம் வீடு ஆண்டில் செலவழிக்கும் யூனிட்டுகளின் எண்ணிக்கை. கம்பெனியின் பெயரைப் பிறகு பார்க்கலாம். 2023ஆம் ஆண்டில் ஆஃப்ஜெம் வகுத்த அளவின்படி நடுத்தர வீட்டுக்கு ஆண்டுக்கு 2,700 யூனிட். குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு 1,800.

முன்பணம் செலுத்தும் மீட்டரும் மறையவில்லை. பென்னிக்குப் பதிலாக அட்டையும் சாவியும் வந்தன. அதில் வாங்குவோர் மற்றவரைவிட மிகுதியாகக் கொடுத்த நிலை 1890கள் தொட்டுத் தொடர்ந்து, 2023 ஜூலையில்தான் அரசு உதவியால் நீங்கிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில், பாக்கி வைத்தவர் வீட்டில் வலிந்து புகுந்து இவ்வகை மீட்டர் பொருத்துவதைக் கம்பெனிகள் நிறுத்திவைக்கும்படி ஆஃப்ஜெம் கேட்டுக்கொண்டது.

வட்டாரமோ அசையவில்லை. வாரியங்கள் விற்கப்பட்டு, பெயர் மாறி, வெளிநாட்டு முதலாளிகளின் கைகளுக்கும் சென்றன. அவர்கள் வரைந்த எல்லைகள் நிலைத்துவிட்டன. 2024ஆம் ஆண்டில் மெர்சிசைடு – வட வேல்ஸ் வட்டாரத்தில் மின்சார நிலைக்கட்டணம் இலண்டனில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் கம்பியின் செலவு அந்த வட்டாரத்துச் செலவே. ஒரு விதிவிலக்கு உண்டு. வட ஸ்காட்லாந்தின் நீண்ட கம்பிகளுக்காக, ஜான்ஸ்டனின் நீர்மின் வாரியக் காலத்து எண்ணத்தின் தொடர்ச்சியாக, நாடு முழுவதிலும் உள்ள வாடிக்கையாளரிடமிருந்து ஒரு சிறு தொகை பெற்று அங்கே உதவி வழங்குகிறார்கள். வட வேல்சுக்கு அவ்வுதவி இல்லை.

அண்மையில் இவ்வெல்லைகளை அழித்து வரையும் பேச்சொன்று எழுந்தது. காற்றாலைகள் மிகுதியாக உள்ள இடம் ஸ்காட்லாந்து. மின்சாரம் மிகுதியாக வேண்டிய இடம் தென்கிழக்கு இங்கிலாந்து. இடையிலுள்ள கம்பிகள் நிறைந்துவிட்டால் காற்றாலைகளுக்குப் பணம் கொடுத்து நிறுத்தச் சொல்கிறார்கள். மின்சாரம் விளையும் இடத்தில் மலிவாகவும் விளையாத இடத்தில் உயர்வாகவும் மண்டலந்தோறும் மொத்த விலை வகுக்கலாம் என்று ஒரு சாரார் வாதித்தனர். அஞ்சல் குறியீட்டைக் கொண்டு விலை ஏற்றுவதா என்று மறுசாரார் எதிர்த்தனர். அரசு நெடுநாள் ஆராய்ந்து, 2025 ஜூலையில் மண்டல விலையை ஏற்பதில்லை என்று முடிவு செய்தது.

ஆதலால், பிரிட்டனில் குடியேறிய நம் வீட்டுக்காரர் மலிவுக் கட்டணம் தேடத் தொடங்கும்போது அவரிடம் கேட்கும் முதற்கேள்வி அஞ்சல் குறியீடு என்ன என்பதே. அவருடைய மின்சார பில்லில் 13 இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அதன் முதல் இரண்டு இலக்கங்கள் 10 முதல் 23க்குள் இருக்கும்; எண்ணிப் பார்த்தால் பதினான்கு. 12 என்றால் இலண்டன். 13 என்றால் மெர்சிசைடும் வட வேல்சும்.